கண்ணும் தராசும்: பொலிகாளைத் தேர்வின் வரலாறு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழர் பழமொழி. பயிருக்குப் பொருந்தும் இவ்வுண்மை கன்றுக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை காண மேலைநாட்டுக் கால்நடை வளர்ப்போர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சியின் வரலாறு வெற்றிகளை மட்டும் கூறுவதன்று. தேர்ந்த அறிவாளிகளும் தம் கண்களாலேயே ஏமாற்றப்பட்ட வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் கன்று ஏறத்தாழ ஏழு மாதம் தாயிடம் பாலுண்டு வளர்கிறது. பின்னர் அது தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. பால் மறக்கும் அப்பருவத்தில் பெரும்பாலான கன்றுகள் கொழுக்கவைக்கும் பண்ணைகளுக்கு அனுப்பப்படும். மிகச் சிலவே இனவிருத்திக்கென நிறுத்தப்படும். பசு ஒன்று ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். பொலிகாளையோ ஒரே பருவத்தில் இருபது, முப்பது பசுக்களுக்குத் துணையாகும். செயற்கைக் கருவூட்டல் வந்த பிறகு ஒரே காளைக்குப் பல்லாயிரம் கன்றுகள் பிறக்கின்றன. ஆகவே பசுவைத் தேர்வதில் நேரும் பிழை ஒரு கொட்டிலோடு நிற்கும். காளையைத் தேர்வதில் நேரும் பிழை நாடெங்கும் பரவும்.

டிஷ்லிப் பண்ணை

கால்நடையை ஒரு நோக்கத்தோடு திட்டமிட்டு இனம் பெருக்கிய முன்னோடிகளுள் முதலில் எண்ணப்படுபவர் இராபர்ட் பேக்வெல் (1725–1795). இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் வட்டாரத்தில் டிஷ்லி என்னும் ஊரில் அவர் குடியானவராக வாழ்ந்தார். அக்காலத்தில் மாடு முதலில் ஏருக்கும் பாலுக்கும் உரியது. உழைத்துக் களைத்த பிறகே இறைச்சிக்கு உரியது. நகரங்கள் பெருகப் பெருக இறைச்சியின் தேவையும் பெருகுவதைக் கண்ட பேக்வெல், விரைவில் கொழுக்கும் மாட்டையும் ஆட்டையும் உருவாக்க முனைந்தார். நெருங்கிய உறவுடைய விலங்குகளையே ஒன்றோடொன்று இணைத்துத் தாம் விரும்பிய பண்புகளை நிலைபெறச் செய்தார். அறுத்த விலங்குகளின் எலும்பையும் தசைத் துண்டுகளையும் உப்பு நீரில் இட்டுப் பாதுகாத்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்டு வந்தார் என்பர்.

அவருடைய முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. தம் கடாக்களை விற்றுவிடாமல் பருவத்திற்குப் பருவம் வாடகைக்கு விட்டார். இதனால் ஒரே கடாவின் குட்டிகள் வெவ்வேறு பண்ணைகளில் எவ்வாறு வளர்கின்றன என்பதை அவரால் காண முடிந்தது. நல்ல குட்டிகளைத் தந்த கடா மீண்டும் டிஷ்லிக்கே திரும்பும். விலங்கின் தரத்தை அதன் வழித்தோன்றல்களைக் கொண்டு அறியவேண்டும் என்னும் பிற்கால அறிவியலின் வித்து அங்கே விழுந்தது.

ஆயினும் பேக்வெல் உருவாக்கிய நீள்கொம்பு மாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது நன்கு கொழுத்தது. ஆனால் பால் குறைந்தது. கன்று ஈனும் ஆற்றலும் குன்றியது. ஒன்றை மட்டும் நாடித் தேர்ந்தால் மற்றொன்று கைவிட்டுப் போகும் என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதைப் படித்தவர் சிலரே.

ஏட்டில் ஏறிய கால்வழி

பேக்வெல் காட்டிய வழியைப் பின்பற்றி, டர்ஹம் வட்டாரத்தில் இராபர்ட் கொலிங், சார்ல்ஸ் கொலிங் என்னும் உடன்பிறந்தார் இருவர் குறுங்கொம்பு மாட்டினத்தை உருவாக்கினர். சார்ல்ஸ் கொலிங்கின் பண்ணையில் 1804ஆம் ஆண்டில் பிறந்த காமெட் என்னும் காளை 1810ஆம் ஆண்டு ஏலத்தில் 1,000 கினிக்கு விலைபோனது. அக்காளையின் பிறப்பு வியப்புக்குரியது. ஃபேவரிட் என்னும் காளை தன் தாயாகிய ஃபீனிக்ஸ் பசுவோடு இணைந்து ஒரு கிடாரி பிறந்தது. அக்கிடாரி வளர்ந்து தன் தந்தையாகிய ஃபேவரிட்டோடு இணைந்து ஈன்றதே காமெட். அக்கால வளர்ப்பாளர் உறவுக்குள் இனம் பெருக்குவதில் எவ்வளவு துணிவோடு சென்றனர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

அதே ஃபேவரிட்டுக்கு 1796ஆம் ஆண்டளவில் பிறந்த மற்றொரு கன்று ‘டர்ஹம் எருது’ எனப் பெயர் பெற்றது. மாபெரும் உடல் படைத்த அவ்வெருது தனி வண்டியில் ஏற்றப்பட்டு 1801 முதல் 1807 வரை ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது. மக்கள் காசு கொடுத்து அதைக் கண்டனர். குறுங்கொம்பு இனத்தின் புகழை நாடெங்கும் பரப்பியது அவ்வெருதே. ஆனால் அது காயடிக்கப்பட்ட விலங்கு. தன் இனத்துக்கு ஒரு கன்றையேனும் தர இயலாதது. கண்ணைக் கவர்வது வேறு, வழித்தோன்றலைத் தருவது வேறு என்னும் உண்மை இதனினும் தெளிவாக வெளிப்பட முடியாது.

1822ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் குறுங்கொம்பு மாடுகளின் கால்வழி ஏட்டை வெளியிட்டார். மாட்டினம் ஒன்றுக்கு உலகில் முதன்முதல் அச்சேறிய வழிமுறைப் பதிவு அதுவே. எரிஃபோர்டு இனத்துக்கு 1846ஆம் ஆண்டிலும், அபர்டீன் ஆங்கசு இனத்துக்கு 1862ஆம் ஆண்டிலும் அவ்வகை ஏடுகள் தோன்றின. போலி விற்பனையை ஒழிக்க அவை பெரிதும் உதவின. எனினும், இன்ன கன்று இன்ன காளைக்கும் இன்ன பசுவுக்கும் பிறந்தது என்று கூறிய ஏடு, அது எத்தனை இராத்தல் எடை பெற்றது, எவ்வளவு தீனி உண்டது, எத்தனை கன்று ஈன்றது என்பவற்றைக் கூறவில்லை.

குறையுள்ள ஏட்டின் மீது விலை ஏறியது. கொலிங் மந்தையிலிருந்து வந்த ‘டச்சஸ்’ என்னும் பசுக்குடும்பத்தைத் தாமஸ் பேட்ஸ் என்பவர் வளர்த்துப் புகழ்பெறச் செய்தார். அக்குடும்பத்தின் பெயருக்காகவே செல்வர் போட்டியிட்டனர். 1873ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஏலத்தில் ‘ஜெனீவாவின் எட்டாம் டச்சஸ்’ என்னும் பசு 40,600 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்நாளிலோ அக்குடும்பம் கருத்தரிக்கும் ஆற்றல் குன்றித் தேயத் தொடங்கியிருந்தது.

குள்ளக் கன்றுகள்

இருபதாம் நூற்றாண்டில் பொலிகாளைத் தேர்வின் அரசு கண்காட்சி மேடைக்கு மாறியது. 1900ஆம் ஆண்டில் தொடங்கிய சிக்காகோப் பன்னாட்டுக் கால்நடைக் கண்காட்சியில் பரிசு பெற்ற விலங்கே அமெரிக்கப் பண்ணைகளுக்கு வழிகாட்டியாயிற்று. சிறு குடும்பங்களுக்குச் சிறு இறைச்சித் துண்டுகள் வேண்டியிருந்தமையால், இளவயதிலேயே கொழுக்கும் மாட்டைச் சந்தை விரும்பியது. நடுவர்கள் அவ்விருப்பத்தை எல்லை கடந்து கொண்டுசென்றனர். கால் குட்டையாகவும் மார்பு அகன்றும் உடல் திரண்டும் நின்ற காளைகளே ஆண்டுதோறும் பரிசு பெற்றன. 1950ஆம் ஆண்டளவில் பரிசு பெற்ற மாடுகள் சில ஓர் ஆளின் இடுப்புவார் உயரமே இருந்தன.

அப்போது ஒரு கேடு தலைகாட்டியது. பெயர்பெற்ற எரிஃபோர்டு, ஆங்கசு மந்தைகளில் விகாரமான குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. நெற்றி புடைத்து, முகம் சுருங்கி, வயிறு உப்பி, மூச்சு விடும்போதெல்லாம் குறட்டை ஒலி எழுப்பிய அக்கன்றுகளுட் பெரும்பாலானவை வளராமலே மடிந்தன. பெற்ற தாயும் தந்தையுமோ கண்ணுக்கு எக்குறையும் இன்றி நின்றன.

இதன் காரணம் மெண்டலின் மரபியல் விதிகளுள் அடங்கியது. குள்ளத்தன்மை மறைந்து நிற்கும் பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணு வந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், கன்று நலமாக வளர்ந்து அக்குறையைச் சுமந்து செல்லும். சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் இணையும்போது நான்கு கன்றுகளுக்கு ஒன்று வீதம் குள்ளமாகப் பிறக்கும். இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. குறையைச் சுமந்த விலங்குகள் மற்றவற்றைவிடச் சற்றே குட்டையாகவும் திரண்டும் தோன்றக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். அவ்வாறாயின், நடுவர்கள் அழகெனக் கண்டு மாலை சூட்டியதில் ஒரு பங்கு நோயின் நிழலே.

வளர்ப்பாளர் கலங்கினர். குறையைச் சுமக்கும் காளையைப் பிரித்தறியக் கலிபோர்னியாவில் தலையின் வளைவை அளக்கும் கருவி ஒன்று அமைக்கப்பட்டது. இளங்கன்றுகளின் முதுகெலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்தும் பார்த்தனர். எதுவும் ஐயமறத் தீர்ப்பு வழங்கவில்லை. உறுதியான வழி ஒன்றே இருந்தது: குறையைச் சுமப்பதாக ஏற்கெனவே அறியப்பட்ட பசுக்களோடு காளையை இணைத்துப் பார்ப்பது. பதினாறு கன்றுகள் பிறந்து ஒன்றேனும் குள்ளமாக இல்லையெனில், அக்காளை குறையைச் சுமக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகச் சுருங்கும். இச்சோதனைக்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். ஆகவே பலர் கால்வழி ஏட்டையே புரட்டினர். ஐயத்துக்குரிய பெயர் ஒன்று முன்னோர் வரிசையில் இருந்தாலே போதும், அவ்விலங்கு ஒதுக்கப்பட்டது. மாசற்ற விலங்குகள் பலவும் அப்பழியோடு கொலைக்களம் சென்றன.

மைல்ஸ் சிட்டியில் வைத்த தராசு

கண்காட்சி மேடையின் ஆட்சி ஓங்கியிருந்த அந்நாளிலேயே வேறொரு வழியும் தோன்றியிருந்தது. மான்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி நகருக்கருகே கியோ கோட்டை இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் படைக்காக நிறுவப்பட்ட அவ்விடம், 1924ஆம் ஆண்டில் வேளாண் துறைக்கு மாற்றப்பட்டு மேய்ச்சல் நிலக் கால்நடை ஆய்வு நிலையமாயிற்று. 1934ஆம் ஆண்டில் அந்நிலையத்தார் ஒரே தந்தைக்குப் பிறந்த ‘அட்வான்ஸ் டாமினோ 20’, ‘அட்வான்ஸ் டாமினோ 54’ என்னும் இரு எரிஃபோர்டு காளைகளைக் கொண்டு ஒரு மந்தையைத் தொடங்கினர். ‘முதலாம் வழி’ எனப்படும் அம்மந்தையில் வெளியிலிருந்து காளை சேர்க்கப்படவில்லை. கன்றுகளின் எடை முறையாகப் பதியப்பட்டது. பால் மறந்தபின் அவை பெறும் வளர்ச்சியே காளைத் தேர்வுக்கு அடிப்படையாயிற்று. பரிசு மாலைகளுக்கு அங்கே வேலையில்லை.

1941ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் பால்மோரியா என்னும் ஊரில் காளைக்கன்றுகளைச் சோதிக்கும் பொது நிலையம் ஏற்பட்டது. பல பண்ணைகளின் பால் மறந்த காளைக்கன்றுகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, ஒரே தீனி அளிக்கப்பட்டு எடை பார்க்கப்பட்டன. பின்னர்ப் பல மாநிலங்களில் இவ்வகை நிலையங்கள் பெருகின. அவற்றில் நெடுநாள் வழங்கிய சோதனைக் காலம் 140 நாள். சோதனைக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் கன்றுகள் புதிய இடத்துக்கும் தீனிக்கும் பழக்கப்படுத்தப்படும். இதற்குக் காரணம் உண்டு. பட்டினியால் மெலிந்து வந்த கன்று நல்ல தீனி கண்டதும் விரைந்து எடை ஏறும். அவ்வேகத்தைப் பிறவிச் சிறப்பென எண்ணினால் தராசும் பொய் சொல்லியதாகும்.

குள்ளக் கன்றுகளின் கேட்டால் கண்காட்சித் தீர்ப்பில் நம்பிக்கை இழந்தோர் இவ்வழியை நாடினர். 1955ஆம் ஆண்டில் வர்ஜினியாவில் தொடங்கி, மாநிலந்தோறும் இறைச்சி மாட்டு மேம்பாட்டுச் சங்கங்கள் தோன்றின. 1968ஆம் ஆண்டில் அவற்றையும் இனச் சங்கங்களையும் இணைத்து ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. நாடு முழுதும் ஒரே முறையில் எடை கணக்கிட அது வகை செய்தது.

205 நாள் கணக்கு

கன்றை எடை போடுவது எளிது. இரு கன்றுகளை நேர்மையாக ஒப்பிடுவதே அரிது. ஒன்று முன்னர்ப் பிறந்திருக்கும், மற்றொன்று பின்னர்ப் பிறந்திருக்கும். ஒன்றின் தாய் முதிர்ந்து பால் மிகுந்தது. மற்றொன்றின் தாய் முதல் ஈற்றுக் கிடாரி. ஆகவே எல்லாக் கன்றுகளையும் 205 நாள் வயதுக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. பால் மறந்த நாளின் எடையிலிருந்து பிறந்த எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 205ஆல் பெருக்கிப் பிறந்த எடையை மீண்டும் கூட்டவேண்டும். தாய் இரண்டு வயதினதாயின் காளைக்கன்றுக்கு 60 இராத்தலும் கிடாரிக்கன்றுக்கு 54 இராத்தலும் சேர்ப்பது பொது வழக்கு. ஐந்து முதல் பத்து வயதுடைய தாய்க்கு எதுவும் சேர்ப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு மந்தையில் இரு காளைக்கன்றுகள் இருப்பதாகக் கொள்வோம். முதற்கன்று பிறந்தபோது 75 இராத்தல். 230ஆம் நாளில் 520 இராத்தல். தாய்க்கு வயது ஆறு. இரண்டாம் கன்று பிறந்தபோது 70 இராத்தல். 190ஆம் நாளில் 460 இராத்தல். தாய்க்கு வயது இரண்டு. பட்டியில் நிற்கும்போது முதற்கன்றே உயர்ந்து தோன்றும். கணக்கிட்டால் முதற்கன்றின் 205 நாள் எடை 472 இராத்தல். இரண்டாவதன் எடை 551 இராத்தல். கண் ஒதுக்கிய கன்றைக் கணக்கு முன்னிறுத்துகிறது.

இக்கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே மேய்ச்சலில் வளர்ந்து, ஒரே முறையில் பராமரிக்கப்பட்ட, ஒரே பாலைச் சேர்ந்த கன்றுகளையே ஒன்றோடொன்று ஒப்பிடலாம். செழித்த புல்வெளியில் வளர்ந்த கன்றையும் வறண்ட நிலத்தில் வளர்ந்த கன்றையும் எண்ணைக் கொண்டு ஒப்பிட்டால் புல்லுக்கே பரிசு கிடைக்கும். பால் மறக்கும்போதுள்ள எடை வேறுபாட்டில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கே மரபால் வருவது என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. மேலும் அவ்வெடை கன்றின் வளர்ச்சியை மட்டுமன்றித் தாயின் பாலையும் காட்டுகிறது. அதனால் பிற்காலத்தார் இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடக் கற்றனர்.

தேர்ந்தபின் வளர்க்கும் முறை

கணக்கு முடிந்ததும் கன்றின் வாழ்வு நலமாகிவிடுவதில்லை. தாயைப் பிரிந்த கன்று சில நாட்கள் கதறி அலையும். தீனியில் மனம் வைக்காது. அப்போது நெடுந்தொலைவு வண்டியில் ஏற்றினால் நுரையீரல் காய்ச்சலுக்கு எளிதில் இரையாகும். ஆகவே தாயையும் கன்றையும் ஒரே வேலியின் இருபுறமும் நிறுத்தி, ஒன்றையொன்று காணவிட்டுப் பாலை மட்டும் மறக்கச் செய்யும் முறையைப் பலர் கைக்கொள்கின்றனர்.

இனவிருத்திக்கென நிறுத்திய கன்றைக் கொழுக்கவைத்தல் பெருந்தவறு. கிடாரிக்கு மிகுதீனி அளித்தால் மடியில் பால் சுரக்கும் திசுக்களின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். காளைக்கு மிகுதீனி அளித்தால் காலும் குளம்பும் கெடும். விதைப்பையைச் சுற்றிக் கொழுப்பு படிந்து வெப்பம் தணியாமல் விந்தின் ஆற்றல் குன்றும். மறுபுறம், கிடாரியைப் பட்டினி போட்டால் அது காலத்தில் பருவமடையாது. இரண்டு வயதில் கன்று ஈனவேண்டுமாயின், பதினான்கு, பதினைந்து மாதத்தில் அது முழு வளர்ச்சி எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கை எட்டியிருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. காளைக்கன்று ஓராண்டு நிறைந்ததும் மருத்துவர் அதன் கால், கண், விந்து ஆகியவற்றைச் சோதிப்பார். விதைப்பையின் சுற்றளவு பதினைந்து மாதத்துக்குள் 30 சென்டிமீட்டரேனும் இருத்தல் வேண்டும். முரட்டுக் குணமுடைய கன்று எவ்வளவு எடை பெற்றாலும் விலக்கத்தக்கதே.

தராசும் வழிதவறிய காலம்

கண்ணின் பிழையைத் திருத்திய தராசு தானும் ஒரு பிழைக்கு இடங்கொடுத்தது. எடையே உயர்வென்று ஆனதும், 1960களின் இறுதி முதல் சிம்மென்டால், லிமூசின் முதலிய ஐரோப்பியப் பேரினங்கள் வட அமெரிக்காவில் நுழைந்தன. கண்காட்சி மேடையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியது. குட்டைக் காளைக்கு மாலையிட்ட அதே மேடை, 1980களில் நெட்டைக் காளைக்கு மாலையிட்டது. விரைந்து வளரும் கன்று பெரும்பாலும் பெரிதாகவே பிறக்கும். சிறு பசுக்கள் ஈன முடியாமல் துன்புற்றன. கன்றும் தாயும் மடிந்த நிகழ்ச்சிகள் பல. பெரும் பசுவுக்குத் தீனியும் பெருகியது. வறண்ட மேய்ச்சல் நிலத்தில் அப்பசு மெலிந்து, மறுமுறை சினைப்படத் தவறியது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்னுமிடத்திலுள்ள அரசு ஆய்வு நிலையம் பல இனக் காளைகளின் கன்றுகளை ஒருங்கே வளர்த்து ஒப்பிட்டது. எல்லாப் பண்புகளிலும் சிறந்த இனம் என்று எதுவும் இல்லை என்பதே அங்கே கண்ட முடிவு. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் ஹென்டர்சன் வகுத்த கணித முறையோ மற்றொரு தடையை நீக்கியது. வெவ்வேறு பண்ணைகளின் பதிவுகளை உறவுமுறைகளோடு பிணைத்து ஆராய அது வழி திறந்தது. 1971ஆம் ஆண்டில் சிம்மென்டால் சங்கம் தன் காளைகளின் தேசிய மதிப்பீட்டை வெளியிட்டது. ஒரு காளையின் கன்றுகள் மற்றொன்றின் கன்றுகளைவிட எத்தனை இராத்தல் கூடும் அல்லது குறையும் என்பதைப் பிறப்பெடை, வளர்ச்சி, தாய்ப்பால் எனத் தனித்தனியே காட்டும் பட்டியல்கள் பின்னர் எல்லா இனங்களுக்கும் வந்தன. எளிதில் பிறந்து விரைவில் வளரும் கன்றைத் தேடும் வழி இவ்வாறு அமைந்தது.

2008ஆம் ஆண்டில் ஆங்கசு இனத்தில், முதுகும் காலும் முறுக்கிய நிலையில் கன்றுகள் இறந்து பிறந்தன. இதுவும் மறைந்து நிற்கும் பண்பே. இதுவும் பெயர்பெற்ற காளையின் வழியிலே பரவியதே. ஆனால் சில மாதங்களுக்குள் மரபணுச் சோதனை ஒன்று கண்டறியப்பட்டது. குறையைச் சுமக்கும் விலங்கு எது, சுமக்காதது எது என்பதை அச்சோதனை தெளிவாகப் பிரித்துக் காட்டியது. முன்னோர் பெயரைக் கண்டு அஞ்சி மாசற்ற விலங்குகளை அழிக்கவேண்டிய தேவை இம்முறை எழவில்லை.

மறு ஆண்டில், 2009இல், மாட்டின் முழு மரபணுத் தொகுதியும் பன்னாட்டு அறிஞர் குழுவால் வெளியிடப்பட்டது. அதற்கு முதன்மையாகக் குருதி தந்த பசு டாமினெட். அது கியோ கோட்டையில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த முதலாம் வழியில் வந்தது. இன்று பால் மறக்குமுன்பே கன்றின் காதிலிருந்து சிறு திசு எடுத்து அதன் தகுதியை ஓரளவு கணிக்கின்றனர். அக்கணிப்புக்கு உயிர் கொடுப்பது பட்டிதோறும் எடை போட்டுப் பதிந்து வைத்த ஏடுகளே. எடை போடுவோர் ஓய்ந்தால் மரபணு எழுத்துக்குப் பொருள் கூறுவார் இல்லை.

முளையிலே பயிரை அறியலாம் என்பது பொய்யன்று. எதைப் பார்ப்பது என்பதைத் தெரிந்தவனுக்கே அது மெய்யாகும். அழகை மட்டும் பார்த்தவர் குள்ளத்தை வளர்த்தனர். எடையை மட்டும் பார்த்தவர் ஈனமுடியாத பசுக்களைக் கண்டனர். தாயின் பால், பிறப்பின் எளிமை, காலின் உறுதி, குணத்தின் அமைதி, சினைப்படும் ஆற்றல் ஆகிய அனைத்தையும் சேர்த்து எடைபோடக் கற்றபோதே பொலிகாளைத் தேர்வு ஒரு கல்வியாயிற்று.